குளிருக்கு முன் ஃபர்னஸில் விடும் தவறுகள்

போன ஜனவரியில் கனடாவின் ஸ்காபரோவில் புதிதாக வீடு வாங்கிய தம்பி ஒருவன் இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். "அண்ணை, ஃபர்னஸ் நிண்டுட்டுது. பிள்ளையள் நடுங்குதுகள்." வெளியே மைனஸ் 23. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. வீட்டைச் சூடாக்கும் இந்த ஃபர்னஸைத் திருத்தும் தொழிலுக்கு வருமுன் நானும் இதே கூத்தை ஆடியவன்தான். ஃபில்டர் மாற்றுவது, தெர்மோஸ்டாட் பேட்டரி பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுகிறேன்.

தண்ணீர் வடியும் குழாயை மறப்பது

2010 முதல் கனடாவில் புதிதாக வரும் வீட்டு கேஸ் ஃபர்னஸுக்குக் குறைந்தது 90 சதவீதத் திறன் இருக்க வேண்டும் என்று விதி வந்தது; 2019இல் பெரும்பாலானவற்றுக்கு அது 95 ஆனது. புகையில் மிச்சமிருக்கும் சூட்டையும் இப்படிப்பட்ட ஃபர்னஸ் உறிஞ்சிவிடுவதால், புகையிலுள்ள நீராவி தண்ணீராகிவிடும். கடுங்குளிரில் ஃபர்னஸ் ஓயாமல் ஓடும்போது ஒரே நாளில் வாளிக்கணக்கில் வரும். அது ஒரு மெல்லிய குழாய் வழியே பேஸ்மென்ட் வடிகாலுக்குப் போக வேண்டும்.

என் முதல் வீட்டில் ஃபர்னஸ் பூட்ட வந்தவர் அந்தக் குழாயைச் சூடில்லாத கராஜ் வழியாக வெளியே இழுத்துவிட்டிருந்தார். இரண்டு குளிர்காலம் தப்பியது. மூன்றாவதில் குழாய் உறைந்து, தண்ணீர் பின்னால் ஏறி, பாதுகாப்புக்காக உள்ளே இருக்கும் பிரஷர் சுவிட்ச் ஃபர்னஸை நிறுத்திவிட்டது. நான் என்ன செய்தேன்? ஆஃப் செய்தேன், ஆன் செய்தேன். ஓடும், நிற்கும். விடியும்வரை இதே வேலை. காலையில் வெளிச்சுவர்ப் பக்கம் இருந்த குளியலறைப் பைப் வெடித்து, சமையலறை சீலிங் இடிந்து விழுந்தது. நாற்பது டாலர் குழாய் வேலை ஏழாயிரத்தில் முடிந்தது. இன்னும் வயிறு எரிகிறது.

நவம்பரிலேயே அந்தக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே கடைசிவரை போய்ப் பாருங்கள். சூடில்லாத இடத்தைத் தொட்டால் மாற்றிப் போடுங்கள். நடுவில் உள்ள டிராப்பில் (தண்ணீர் தங்கி நிற்கும் வளைவு) வழுவழுப்பாகச் சேரும் அழுக்கையும் வருடம் ஒருமுறை கழுவுங்கள். அப்படியும் நின்றுவிட்டால் சுவிட்சோடு மல்லுக்கட்டாதீர்கள். ஃபர்னஸுக்குள் ஒரு சின்ன லைட் விட்டுவிட்டு மின்னும். எத்தனை தடவை என்று எண்ணுங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பது பெரும்பாலும் ஃபர்னஸ் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும். தம்பி வீட்டிலும் குழாய்தான். ஹேர் டிரையர் பிடித்து அரை மணியில் ஓடவைத்தோம்.

சுவரில் நீட்டியிருக்கும் வெள்ளைக் குழாய்கள்

ஸ்னோ தள்ளும்போது அவற்றின் மேல் குவிக்காதீர்கள். குளிர்க் காற்று உள்ளே வருகிறதென்று ஒருவர் பழைய பனியனை அடைத்து வைத்திருந்தார். ஃபர்னஸ் மூச்சு விடுவதே அதன் வழியாகத்தான் ஐயா!

ஊருக்குப் போகும்போது சூட்டை அணைப்பது

15 பாகைக்குக் கீழே இறக்க வேண்டாம். தண்ணீர் மெயின் வால்வை மூடுங்கள். இடையிடையே ஆள் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்று பல காப்புறுதிகளில் எழுதியிருக்கும். பயணத்துக்கு முன் படியுங்கள், பைப் வெடித்த பிறகு அல்ல.

கேஸ் அடுப்பைப் பற்றவைத்து வீட்டைச் சூடாக்குவது

கூடவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய நச்சுவாயுவான கார்பன் மொனாக்சைட்டுக்கு மணமில்லை.