கல்லூரி நூலகத்தில் வாசகர் கருத்தாய்வு: படிப்படியாக ஒரு செய்முறை

"நூலகச் சேவை திருப்தியா?" என்று கேட்டால் பெரும்பாலோர் "ஆம்" என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த விடையை வைத்து ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்ற முடியாது.

முதல் படி, கேள்விகளைக் கழிப்பது. விடை வந்தால் எதை மாற்றுவோம் என்று சொல்ல முடியாத கேள்வி படிவத்தில் இருக்கவே கூடாது. "ஊழியர்கள் கனிவாகவும் விரைவாகவும் உதவுகிறார்களா?" போன்ற இரட்டைக் கேள்விகளைப் பிரித்துவிடுங்கள். பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்த்தால், எங்கே தயங்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது அளவுகோல். நூலகச் சேவையின் தரத்தை அளக்க 2000-இல் தொடங்கிய லிப்குவால் என்ற கருத்தாய்வின் முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 9 வரை மூன்று மதிப்பெண்கள்: குறைந்தபட்சம் வேண்டியது, விரும்புவது, இப்போது கிடைப்பது. அதில் 22 கேள்விகள் உண்டு. தொடங்குபவர்களுக்கு எட்டு முதல் பத்து வரை போதும்.

இந்த மூன்றின் பலன் கணக்கில் தெரியும். "அமைதியாகப் படிக்க இடம்", "வீட்டிலிருந்து மின்னிதழ்" இரண்டுக்கும் கிடைப்பது 6.1 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதன் குறைந்தபட்சம் 6.8, மற்றதன் குறைந்தபட்சம் 5.2. இடைவெளி முறையே -0.7, +0.9. முதலில் கைவைக்க வேண்டியது படிக்கும் இடத்தில்தான். இளநிலை மாணவர், ஆய்வாளர், ஆசிரியர் என்று தனித்தனியே கணக்கிடுங்கள். மொத்தச் சராசரியில் ஆய்வாளர்களின் குறை அமுங்கிப்போகும்.

யாரிடம் கேட்பது? நூலக வாசலில் நின்று கேட்டால், வருவதையே நிறுத்திவிட்டவர்களின் குரல் கிடைக்காது. சேர்க்கைப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுங்கள். 3,000 பேர் உள்ள இடத்தில், 95% நம்பகத்துடன் ±5% பிழைக்குள் இருக்க (இப்படி நூறு முறை கேட்டால் சுமார் 95 முறை, விடை உண்மை நிலையிலிருந்து 5 சதவீதப் புள்ளிக்குள் இருக்க) 341 விடைகள் தேவை. எல்லோரும் பதில் தரமாட்டார்கள்; அழைப்புகளைக் கூடுதலாக அனுப்பி, இரண்டு முறை நினைவூட்டுங்கள். விரும்புவதைவிடக் குறைந்தபட்சத்துக்குக் கூடுதல் மதிப்பெண் இட்ட பதில்கள் ஒரே படிவத்தில் நிறைய இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். அதை நிரப்பியவருக்கு அளவுகோல் புரியவில்லை.

படிவத்தின் கடைசியில் ஒரு காலிக் கட்டம் கட்டாயம் வேண்டும். உண்மையான செய்தி அங்கேதான் வரும். ஆனால் அவசரப்படாதீர்கள். "புத்தகம் கிடைக்கவில்லை" என்பதற்கு, நூலகம் வாங்கவேயில்லை, இரவலில் போயிருக்கிறது, அலமாரியில் இடம் மாறியிருக்கிறது, பட்டியலில் தேடத் தெரியவில்லை என்று நான்கு பொருள் உண்டு. நான்குக்கும் மருந்து வேறு. இரண்டு பேர் தனித்தனியே வகைப்படுத்தி ஒப்பிடுங்கள். சந்தேகம் நீடித்தால், அந்தப் புத்தகங்கள் இருக்கின்றனவா என்று அலமாரியில் போய்ச் சரிபாருங்கள்.

ஒரு மாதத்துக்குள் அறிவிப்புப் பலகையில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன சொன்னீர்கள், எதை மாற்றினோம், எதை ஏன் இப்போது மாற்ற முடியவில்லை. மூன்றாவது வரியை விட்டுவிட்டால் அடுத்த முறை படிவங்கள் குறையும். மறுபடி கேட்கும்போது சொற்களை மாற்றாதீர்கள். மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது.