அடிபட்ட பிரெம்போ காலிப்பர்: வாங்குவது, தேற்றுவது, விற்பது

மலேசியாவில், கிள்ளானில் என் வீட்டுப் பின்கட்டில் ஒரு மேசை, ஒரு வைஸ், ஒரு சின்ன கம்ப்ரசர். இருபது வருடம் ஹாஃப்கட் கடையில் வேலை பார்த்தேன். முதுகு மக்கர் செய்ய ஆரம்பித்ததும் எஞ்சின் தூக்கும் வேலையை விட்டுவிட்டு, இரண்டு கைக்குள் அடங்குகிற சாமானோடு நிறுத்திக்கொண்டேன். அந்தச் சாமான்தான் பிரேக் காலிப்பர். பெடலை மிதித்ததும் அதன் பிஸ்டன்கள் இரண்டு பேட்டுகளைத் தள்ளி, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும். அதிலும் மித்சுபிஷி லான்சர் இவோ காரில் வரும் பிரெம்போ (இத்தாலிய பிரேக் நிறுவனம்) செட்டுதான் என்னிடம் அதிகம் வரும்.

ஹாஃப்கட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஜப்பானில் ஓடி முடிந்த காரைப் பாதியாக அறுத்து, மூக்கிலிருந்து டேஷ்போர்டு வரை உள்ள துண்டைக் கண்டெய்னரில் அனுப்புவார்கள். கடைக்காரருக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும்தான் காசு. பிரேக் ஓரமாகக் குவிந்து கிடக்கும். 1998இல் வந்த இவோ 5இல்தான் மித்சுபிஷி முதன்முதலாகப் பிரெம்போ காலிப்பரை அந்த வரிசையில் போட்டது. முன்னால் நான்கு பிஸ்டன், 320 மி.மீ. டிஸ்க், பின்னால் இரண்டு பிஸ்டன், 300 மி.மீ. டிஸ்க். மலேசியக் காரான புரோட்டோன் வீரா, லான்சரின் உடன்பிறப்பு என்பதால் மலேசியாவில் இந்தச் செட்டுக்கு எப்போதும் ஆள் உண்டு.

குவியலில் கை வைக்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது சிவப்பு பெயின்ட். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். பெயின்ட் உரிந்த காலிப்பர் மலிவாகக் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் பெயின்டின் நிறம் ஒரு விஷயம் சொல்லும். வெயிலில் வெளுத்தால் சிவப்பு, ரோஜா நிறமாகும். சூட்டில் வெந்தால் காய்ந்த ரத்தம் மாதிரிப் பழுப்பாகும். பெயின்ட் கொப்பளித்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள டஸ்ட் பூட் என்ற ரப்பர் உறையும் கருகிப் பொடியாக உதிர்ந்தால் அந்தக் காலிப்பரை நான் தொடுவதில்லை. அலுமினியம் அளவுக்கு மீறிச் சூடு கண்டால் அதன் வலு இறங்கிவிடும். அதைத் திரும்பக் கொடுக்க என் மேசையில் வழி இல்லை.

அடுத்து, காலிப்பரை வண்டியோடு பிணைக்கும் போல்ட் போடும் காது. விபத்தில் அடிபட்ட கார் என்றால் விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். துடைத்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள். மரை தேய்ந்திருந்தால் பயமில்லை. ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரை போட்டு எடுக்கலாம், ஆனால் அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும்.

பனி கொட்டும் ஊர்களில் ஓடிய காரும் வரும். ஜப்பானில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்தக் காரின் காலிப்பரில் டஸ்ட் பூட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அலுமினியத்துக்கு அதுதான் துரு. பொடி இருந்தால் விலை குறைத்துக் கேளுங்கள், ஏனென்றால் வேலை இரண்டு மடங்கு.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப நாளில் ஒரு முன் ஜோடியைப் பிரித்தேன். பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் சுவரில் சின்னச் சின்னக் கறைகள். கவலைப்பட்டு அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பிஸ்டனில் மட்டும் கடுகளவு குழி இருந்தது. அதை எமரி காகிதத்தால் நாலு இழு இழுத்துப் பளபளப்பாக்கிப் போட்டுவிட்டேன். புது சீல், புது பெயின்ட், பார்க்க மாப்பிள்ளை மாதிரி. வாங்கிய ஈப்போ பையன் ஒரு மாதம் கழித்துப் போன் செய்தான். "அண்ணே, கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி போகுது. ரிம்முக்குள்ள ஈரமா இருக்கு." நல்லவேளை, ஓரமாக நிறுத்திவிட்டான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பிஸ்டன் இன்றும் என் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

தப்பு எங்கே என்றால், டிஸ்க் பிரேக் காலிப்பரில் சீல் நகராது. சிலிண்டர் சுவரில் வெட்டிய பள்ளத்துக்குள் சதுர வெட்டு ரப்பர் வளையமாக அது உட்கார்ந்திருக்கும். பிஸ்டன்தான் அதை உரசிக்கொண்டு போய்வரும். ஆக ஆயிலைப் பிடித்து நிறுத்துவது இரண்டே இடம்: பிஸ்டனின் தோல், பள்ளத்தின் அடி. சிலிண்டர் சுவரில் லேசான கறை இருந்தால் பிரச்சினை இல்லை. நான் தேய்க்க வேண்டாததைத் தேய்த்தேன், தூக்கிப் போட வேண்டியதைப் பளபளப்பாக்கினேன். அலுமினியப் பிஸ்டனின் மேல் கடினமான பூச்சு உண்டு. எமரி போட்டால் அந்தப் பூச்சே போய்விடும். பிஸ்டனில் குழியோ கீறலோ நகத்தில் தட்டுப்பட்டால் புது பிஸ்டன்தான், பேச்சே இல்லை.

அந்தச் சதுர வளையத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெடலை மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும்; காலை எடுத்ததும் பழைய நிலைக்கு வரும்போது பிஸ்டனையும் ஒரு துளி பின்னால் இழுத்துவிடும். பேட் டிஸ்க்கை விட்டு விலகுவது இதனால்தான். பள்ளத்துக்குள் வெள்ளைப் பொடி சேர்ந்தால் வளையம் பிதுங்கிப் பிஸ்டனை இறுக்கும். பிஸ்டன் திரும்பாது, பேட் உரசிக்கொண்டே ஓடும், டிஸ்க் வேகும். "பிரேக் ஜாம்" என்று வருகிற காலிப்பரில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

சரி, பிரிக்கும் வேலைக்கு வருவோம். முதல் சண்டை பிளீடர் நிப்பிளோடு, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் சின்னத் திருகோடு. ஆறு பக்க சாக்கெட்தான் போட வேண்டும், பன்னிரண்டு முனை ஸ்பேனர் அதன் தலையைத் தின்றுவிடும். துரு இளக்கி அடித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் நிப்பிளின் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். முதலில் துளி இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். அப்படியும் உடைந்தால், உடைந்த கட்டையின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் போடுவேன்; சூடு பட்டதும் இளகிக்கொண்டு வரும். ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் கழுவிய சாமானில் வெல்டிங் பொறி படவே கூடாது. பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நிப்பிள் உடையும் நாளில் எனக்குச் சோப்புத் தண்ணீர்தான்.

பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்று விடுவார்கள். நானும் விடுகிறேன், ஆனால் மிகக் குறைந்த அழுத்தத்தில், நடுவில் ஒரு மரத்துண்டு வைத்து, மேலே துணி போட்டு. நான்கு பிஸ்டனில் இளகியது முதலில் பாயும், இறுகியது அசையாது. அதனால் இளகியதைக் கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். விரலை நடுவில் வைக்காதீர்கள். என் பழைய தவுக்கேவுக்கு (முதலாளிக்கு) வலது கட்டைவிரல் நகம் வளைந்துதான் முளைக்கும். காரணம் கேட்டால் சிரிப்பார். அசையவே மாட்டேன் என்கிற பிஸ்டனுக்குக் காற்றைவிட பிரேக் ஆயிலின் அழுத்தம் நல்லது. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒன்றில் ஒரு நெம்புகோல் பொருத்தி வைத்திருக்கிறேன். மெதுவாகத் தள்ளும், பாயாது.

காலிப்பரின் இரண்டு பாதியையும் சேர்க்கும் பெரிய போல்ட்டுகளை நான் கழற்றுவதில்லை. அவை எவ்வளவு இறுக்கத்தில் போடப்பட்டவை என்று உறுதியாகத் தெரியாமல் திறப்பது வீண் வம்பு. பிஸ்டன் எல்லாம் நடு இடைவெளி வழியாகவே வந்துவிடும்.

பள்ளத்தைச் சுத்தம் செய்ய ஊசியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம். நான் மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொள்வேன். இறைச்சி குத்திச் சுடும் சத்தே குச்சி இருக்கிறதே, அதேதான். அலுமினியத்தைக் கீறாது, மூலைக்குள் போகும். ஒரு பள்ளத்துக்கு அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் சீக்கிரம் போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும், அலுமினியமும் சேர்ந்து போகும்.

புது சீலைப் போடும்போது பிரேக் ஆயிலையோ பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸையோ தடவுங்கள். சாதாரண கிரீஸ், எஞ்சின் ஆயில், டபிள்யூடி-40 எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பிரேக் ஆயில் பெயரில்தான் ஆயில், உண்மையில் அது கிளைக்கால் வகை. அதற்கென்று செய்த ரப்பரில் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். பிஸ்டன் பெருவிரலின் அழுத்தத்துக்கே உள்ளே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கேயோ கோணல், வெளியே எடுத்து மறுபடி பாருங்கள்.

இந்த நான்கு பிஸ்டன் காலிப்பரில் பிஸ்டன்கள் ஒரே அளவில் இருக்காது. சுழலும் டிஸ்க் முதலில் நுழைகிற பக்கம் சின்னது, வெளியேறுகிற பக்கம் பெரியது. பேட் ஒரு பக்கமாகச் சரிந்து தேயாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆகவே இடது வலது மாற்றிப் போடக் கூடாது. மாறியதா என்று கண்டுபிடிப்பது சுலபம்: காலிப்பரை வண்டியில் வைத்ததும் பிளீடர் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் காற்று வெளியேறாது, எத்தனை லிட்டர் ஊற்றினாலும் பெடல் பஞ்சுதான்.

பூட்டியதும் சோதனை. டிஸ்க்கின் கனத்தில் ஓர் இரும்புத் தட்டையும் இரண்டு பழைய பேட்டையும் நடுவில் வைத்து, அதே மாஸ்டர் சிலிண்டரால் அழுத்தி, இரவு முழுவதும் விட்டுவிடுவேன். கீழே செய்தித்தாள். காலையில் தாளில் ஒரு துளி கறை இருந்தாலும் மறுபடி பிரிப்பு. கம்ப்ரசர் காற்றும் தண்ணீர் வாளியும் மட்டும் போதாது. கடுமையாகப் பிரேக் அடிக்கும்போது உள்ளே 100 பார் வரை ஏறலாம். கம்ப்ரசர் அதன் பக்கத்தில்கூட வராது.

பெயின்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலிப்பருக்கென்று வரும் பெயின்ட், சோதனைக்குப் பிறகு, மெல்லிய பூச்சாக மூன்று தடவை. பேட் உட்காரும் இடத்திலும் போல்ட் காது டிஸ்க் தாங்கியோடு பொருந்தும் முகத்திலும் பெயின்ட் படக் கூடாது. பவுடர் கோட்டிங் கேட்டால் சீல் போடுவதற்கு முன்பே அனுப்புங்கள், அந்தப் பொடியை உருக்கும் அடுப்பு 200 டிகிரி பக்கம் போகும். புது ஸ்டிக்கரை நான் ஒட்டுவதில்லை. போலிக் காலிப்பர் நிறைய சுற்றுகிற காலத்தில் பளிச்சென்ற பெயர் ஸ்டிக்கர் சந்தேகத்தைத்தான் கிளப்பும். உள்பக்கம் வார்ப்பிலேயே இருக்கும் எழுத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

விற்பனை விளம்பரத்தை என் மகள்தான் போடுகிறாள், வாசகம் நான் சொல்வது. கடைசியாகப் போட்டது இப்படி: "இவோ 7 முன் ஜோடி. சீல், டஸ்ட் பூட் எட்டும் புதியவை. இடது காலிப்பரில் ஒரு பிஸ்டன் புதியது, மற்றவை பழையவை, குழி இல்லை. வலது நிப்பிள் உடைந்து எடுக்கப்பட்டது, புது நிப்பிள் போட்டாயிற்று. வெளிப்பக்கம் கல்லடித் தழும்பு 3. பேட், ஹோஸ் சேராது." கூடவே பிரித்த நிலையில் பள்ளத்தின் படம், பிஸ்டன்கள் வரிசையாக, தழும்பு கிட்டத்தில், செய்தித்தாள் கறையில்லாமல். தழும்பைச் சொன்னால் விலை இறங்கும் என்று மகள் முதலில் தயங்கினாள். இறங்குவது உண்மைதான், 100 வெள்ளி (ரிங்கிட்) அளவுக்கு இறங்கும். ஆனால் பேரம் ஐந்து நிமிடத்தில் முடிகிறது. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு தழும்பாகக் காட்டி 300 வெள்ளி குறைக்கிறவர்கள் வருவதில்லை.

விலை போட என் கணக்கு: வாங்கிய காசு, சீல் செட், புது பிஸ்டன், பெயின்ட், என் மணி நேரம். அதற்கு மேல், வாங்குபவருக்குப் புதிது வாங்குவதைவிட நன்றாக மிச்சம் தெரிய வேண்டும். அது தெரியாத ஜோடியை நான் ஆரம்பத்திலேயே எடுப்பதில்லை.

பழைய பேட்டை விற்காதீர்கள், அதில் என்ன ஊறியது என்று யாருக்குத் தெரியும். ரப்பர் ஹோஸும் வேண்டாம். டிஸ்க் விற்கலாம், ஆனால் அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்தைவிட நல்ல இடைவெளி இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் நான்கு இடத்தில் அளந்து படம் போடுங்கள். துளை போட்ட டிஸ்க்கில் துளையிலிருந்து விளிம்பு வரை விரிசல் ஓடியிருந்தால் இரும்புக் கடைக்குத்தான்.

அப்புறம், வாங்குபவரின் காடி (கார்) என்ன என்று கேட்டுவிடுங்கள். வீராக்காரர் என்றால் அவருடைய ஹப் (சக்கரம் பூட்டும் இடம்) நான்கு போல்ட், இவோ ஐந்து போல்ட். காலிப்பர் மட்டும் வாங்கிக்கொண்டு போய் என்ன செய்வார்? பின் செட்டில் கைபிரேக் டிஸ்க்கின் குடத்துக்குள் இருக்கும் தனி டிரம், அதையும் சொல்லுங்கள். ரிம் பொருந்துமா என்ற கேள்விக்கு நான் கண்டுபிடித்த வழி: காலிப்பரை டிஸ்க்கோடு அட்டையில் வைத்து வரைந்து வெட்டித் தபாலில் அனுப்பிவிடுவேன். அவர் ரிம்முக்குள் வைத்துப் பார்த்து, இடிக்கவில்லை என்றால் பணம் அனுப்பட்டும். இதுவரை அட்டைக்குக் காசு கேட்டதில்லை.

அனுப்பும்போது ஆயிலை முழுக்க வடித்து, துளைகளை பிளாஸ்டிக் மூடியால் அடைத்து, பழைய துண்டில் சுற்றுங்கள். மிச்ச ஆயில் கசிந்தால் உங்கள் புது பெயின்டையே தின்றுவிடும். ஹோஸ் இணைப்புக்குப் புது செம்பு வாஷரைப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். பழைய வாஷரில் கசிந்துவிட்டு என் சீலைக் குறை சொல்லக் கூடாதல்லவா. பட்டறையில் மாட்டியிருந்தால் 30 நாளைக்குள் கசிவுக்கு நான் பொறுப்பு என்று கைப்பட எழுதி வைப்பேன்.

தேறாத காலிப்பர்களை என்ன செய்வது? காது விரிசல் விட்டது, சூட்டில் வெந்தது, பள்ளமே அரித்துப் போனது. கண்ணாடி மேசைக்குக் கால் வைக்க வேண்டும், சுவரில் மாட்ட வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள், நல்ல விலையும் தருகிறார்கள். கொடுப்பதற்கு முன் போல்ட் காது இரண்டையும் ரம்பத்தால் பாதி அறுத்துவிடுவேன். மேசைக் காலுக்கு அது போதும். ஒருவர் மட்டும் அறுக்காமல் தாருங்கள், 50 வெள்ளி கூடத் தருகிறேன் என்றார். அவருக்குக் கொடுக்காமல், அந்தக் காலிப்பரை அலுமினியக் கடையில் எடைக்குப் போட்டேன்.