காலித் தட்டை நம்பாதீர்கள்: பயோஃபிலிம் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த பெண் போனில் ஒரு படம் காட்டினாள். சூடோமோனாஸ் கிருமியின் பயோஃபிலிம் (பசைக்குள் கூட்டமாக ஒட்டி வாழும் படலம்) மீது டோப்ராமைசின், கோலிஸ்டின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். உயிருள்ள கிருமி புள்ளி புள்ளியாக, அதாவது காலனியாக, வளர்ந்து தெரிய வேண்டிய அகார் தட்டு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "ஒரு காலனிகூட இல்லக்கா!" நூறு மடங்கு நீர்த்துத் தேய்த்த தட்டு எங்கே என்று கேட்டேன். "அதுல பன்னெண்டு இருந்துச்சு. கண்டாமினேஷன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அதே தட்டை நானும் ஒரு காலத்தில் தூக்கிப் போட்டவள்தான். பிப்பெட் டிப் மாற்று, தேதி எழுது என்ற பாலபாடமெல்லாம் இங்கே வேண்டாம்.

மருந்தையும் சேர்த்துத் தட்டில் தேய்ப்பது

நூறு மடங்கு நீர்த்ததில் பன்னிரண்டு என்றால், நீர்க்காத தட்டில் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. அப்படியானால் கிருமி செத்தது கிணற்றில் (படலம் வளர்த்து மருந்து போட்ட பிளேட்டின் குழியில்) அல்ல. நாம் தேய்த்த துளியில் மருந்தும் கூடவே வந்து, தட்டில் அதை வளரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

எந்த மருந்துச் சோதனையிலும் இது நடக்கும். ஆனால் இரண்டு மருந்து சேரும்போதுதான் ஆளைக் கவிழ்க்கும். சூடோமோனாஸ் ஆல்ஜினேட் போன்ற பசைக்குள் பதுங்கியிருக்கும் வரை மருந்துக்கு அசையாது. எண்ணுவதற்காக நாம்தான் அதைச் சுரண்டி, ஒலியலைக் கருவியான சோனிகேட்டரில் குலுக்கி, தனித்தனி செல்லாகப் பிரிக்கிறோம். போர்வையைப் பிடுங்கிவிட்டோம், இனி மிச்சமிருக்கும் துளி மருந்தே போதும். டோப்ராமைசின் மிச்சம் மட்டும் இருந்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும், கோலிஸ்டின் மிச்சம் மட்டும் இருந்தாலும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் தட்டு காலி. நாமோ பயோஃபிலிமில் சினர்ஜி, அதாவது மருந்துகளின் கூட்டு பலம், கண்டோம் என்று குதிப்போம். கண்டது அகாரில்!

நான் நான்கு மாதம் இப்படிக் குதித்தேன். வரைபடம் போட்டு, செமினாரில் காட்டி, கைதட்டும் வாங்கினேன். பின் வரிசையில் இருந்த சீனியர் ஒருவர், "மருந்து படாத பயோஃபிலிமை எடுத்து, தட்டில் தேய்க்கும் நிமிடத்தில் அதே மருந்துக் கரைசலைக் கலந்து பார்த்தீர்களா?" என்று கேட்டார். அடுத்த நாள் செய்தேன். மருந்து கலக்காத தட்டில் முந்நூறுக்கு மேல் காலனி, கலந்ததில் ஒன்பது. அந்த ஒரு நிமிடத்தில் இந்த மருந்துகள் பயோஃபிலிமைக் கொன்றிருக்க வாய்ப்பில்லை. நான்கு மாத வேலை, இரண்டு பெட்டி பிளேட், எல்லாம் குப்பைக்குப் போயின.

இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனையை முதல் நாளே செய்துவிடுங்கள். சுரண்டுவதற்கு முன் சலைனில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். மருந்தால் நெகிழ்ந்த படலம் கழுவும் நீரோடு போய்விடும், அதையும் 'செத்தது' கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். கழுவிய நீரையும் தேய்த்து எண்ணுங்கள். கழுவினால் மட்டும் தீராது. கோலிஸ்டின் செல்லோடு ஒட்டும், டோப்ராமைசின் படலத்தின் பசையோடு ஒட்டும். அதனால் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேல்நீரைக் கொட்டி, புது சலைனில் கரைக்க வேண்டும். அதற்குப் பிறகும் நீர்த்த தட்டில்தான் எண்ண வேண்டும். அப்போது 'பூஜ்ஜியம்' என்று எழுத முடியாது, 'இத்தனைக்குக் கீழே' என்றுதான் எழுத முடியும். பலருக்கு இது கசக்கும். கசக்கட்டும்.

ஆஸ்பத்திரிக் குப்பியைக் கொண்டு சோதிப்பது

ஊசிக் குப்பியில் பெரும்பாலும் இருப்பது கோலிஸ்டிமெத்தேட் சோடியம். அது உடலுக்குள் போய்க் கோலிஸ்டினாக மாறும். கிணற்றிலும் மெல்ல மாறும், எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? சோதனைக்குக் கோலிஸ்டின் சல்ஃபேட் வாங்குங்கள்.

கிரிஸ்டல் வயலெட்டை நம்புவது

படலத்தை அளக்கப் பயன்படும் இந்தச் சாயத்தில் செத்த செல்லும் ஊதா, உயிருள்ள செல்லும் ஊதா, பசையும் ஊதா.

ஓர வரிசைக் கிணறுகள்

அங்கே திரவம் சீக்கிரம் ஆவியாகும். சோதனை வைக்காமல், வெறும் தண்ணீர் ஊற்றி விட்டுவிடுங்கள்.

மிதக்கும் கிருமியில் கிடைத்த கணக்கைப் படலத்துக்கு ஒட்டுவது

இரண்டு மருந்தையும் பல அளவுகளில் கட்டம் கட்டமாகச் சேர்த்துப் பார்க்கும் செக்கர்போர்டில், எஃப்ஐசி கூட்டுத்தொகை (ஒவ்வொரு மருந்தும் தனியாகத் தேவைப்படும் அளவில் எத்தனை பங்கு, சேரும்போது தேவைப்படுகிறது என்பதன் கூட்டல்) 0.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் சினர்ஜி. 0.6 வந்தால் 'கிட்டத்தட்ட சினர்ஜி' என்று எழுதுகிறார்கள். 0.5ஐத் தாண்டினால் அது சினர்ஜி ஆகாது. மருந்தை இரண்டிரண்டு மடங்காக நீர்க்கும் முறையில் ஒரு படி முன்பின் ஆவது சகஜம். 0.25ம் 0.25ம் சேர்ந்து 0.5 ஆன கணக்கு, இரண்டிலும் ஒரு படி நகர்ந்தால் 1 ஆகிவிடும். மூன்று முறை தனித்தனி நாளில் செய்யுங்கள். அப்புறம், அந்த எண் திரவத்தில் மிதக்கும் கிருமிக்கு உரியது. படலத்துக்கு வேறு சோதனை வேண்டும். குச்சிகளில் படலம் வளர்க்கும் கால்கரி கருவி 1999 முதலே இருக்கிறது.

முடிவை நேரே நோயாளியிடம் கொண்டுபோவது

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டியான சளி சேரும் பரம்பரை நோய்) நோயாளிகளில் மருந்துச் சேர்க்கைச் சோதனையின் முடிவைப் பார்த்து ஆன்டிபயாடிக் தேர்ந்தெடுத்தால் பலன் கூடுமா என்று கனடா ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வழக்கமான முறையைவிட எந்த மேன்மையும் தெரியவில்லை. எங்கள் ஆய்வகத்துப் புதுப் பெண்ணுக்கு இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. இப்போது சென்ட்ரிஃபியூஜ் பக்கத்தில் நிற்கிறாள், பழைய தட்டுகளை எல்லாம் முதலிலிருந்து செய்துகொண்டு.