ஹாரோ பக்கம் 1930களின் செமி வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

லண்டனின் வடமேற்கில், மெட்ரோபாலிடன் ரயில் பாதையை ஒட்டி ஹாரோ, ரெயினர்ஸ் லேன், ஈஸ்ட்கோட், ரைஸ்லிப் என்று நீளும் தெருக்களில் பெரும்பாலான வீடுகள் இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் கட்டியவை. ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர், முன்னால் வளைந்த பே ஜன்னல், பின்னால் நீளத் தோட்டம். இந்தப் பக்கம் குடியேறிய தமிழர்கள் பலர் வாங்கியிருப்பதும் இந்த செமி வீடுகளைத்தான். நல்ல வீடுகள், ஆனால் தொண்ணூறு வயதான வீடுகள்.

முதலில் பணம். கணக்கு அதிகம் தவறுவது, வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரியான ஸ்டாம்ப் டியூட்டியில். 2025 ஏப்ரலில் வந்த விகிதப்படி விலையின் முதல் 1,25,000 பவுண்டுக்கு வரி இல்லை. 2,50,000 வரை 2 சதவீதம். அதற்கு மேல் 9,25,000 வரை 5 சதவீதம். 4,80,000 பவுண்டு வீட்டுக்கு 14,000 வரும். முதல் வீடு வாங்குவோருக்கு 3,00,000 வரை வரி கிடையாது, மிச்சத்துக்கு 5 சதவீதம். அதே வீட்டுக்கு 9,000. விலை 5,00,000-ஐத் தாண்டினால் இந்தச் சலுகை முழுவதும் போய்விடும்.

நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். முதல் வீடு என்றால் இங்கிலாந்தில் முதல் வீடு அல்ல, உலகத்தில் எங்குமே முதல் வீடு. திருச்சியில் அப்பா வழியில் வந்த வீட்டுப் பங்கு, யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு, எல்லாம் சேரும். இருவர் சேர்ந்து வாங்கும்போது ஒருவருக்கு அப்படி இருந்தாலே சலுகை கிடையாது. அதோடும் நிற்காது. ஊர் வீட்டில் உங்களுக்கோ உங்கள் கணவன், மனைவிக்கோ இன்னும் பங்கு இருந்து, அதன் பெறுமதி 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், பொதுவாக முழு விலைக்கும் கூடுதலாக 5 சதவீதம் விழும்: 14,000 என்று நினைத்த இடத்தில் 38,000. குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு வேறு வீட்டுக்கு மாறுகிறவர்களுக்கு இந்தக் கூடுதல் இல்லை. ஊர்ச் சொத்தைப் பற்றி, பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உங்கள் பணம் எந்த வழியில் வந்தது என்றும் சொலிசிட்டர் கேட்பார். சம்பளச் சேமிப்புக்கு வங்கி ஸ்டேட்மென்ட் போதும். சீட்டுக் காசுக்கும் கைமாற்றுக்கும் காகிதம் இருக்காது. கடைசி நேரத்தில் கணக்கில் விழும் பெரிய தொகைதான் கொள்வனவையே இழுத்தடிக்கும். பல மாதம் முன்பே வங்கிக்குள் கொண்டுவந்து, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். பெற்றோர் கொடுப்பதானால், திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் பங்கும் கேட்க மாட்டோம் என்று அவர்கள் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அவர்களுடைய அடையாள ஆவணமும் ஸ்டேட்மென்டும்கூடக் கேட்பார்கள்.

வீடு பார்க்கப் போகும்போது புதுச் சமையலறையில் மயங்காமல் வெளியே நின்று அடிச்சுவரைப் பாருங்கள். இந்த வீடுகளின் முன்னறையில் பெரும்பாலும் மரத்தரை. அதன் கீழே வெற்றிடம். அங்கே காற்று போய்வர அடிச்சுவரில் ஓட்டை போட்ட ஏர் பிரிக் பதித்திருக்கும். முன்தோட்டத்தைக் கார் நிறுத்தும் இடமாக்கியபோது தரையை உயர்த்தி இதை மூடிவிடுவது சகஜம். காற்று நின்றால் ஈரம் தங்கும். மரக்கட்டைகளின் நுனி சுவருக்குள் இருக்கும் இடத்தில் உளுக்கத் தொடங்கும். வெளித்தரை, டிபிசி என்னும் ஈரத்தடுப்பு அடுக்குக்கு 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும்: இரண்டு செங்கல் வரிசை, எண்ணிப் பார்த்துவிடலாம். உள்ளே வந்து பே ஜன்னல் அருகில் குதிகாலை உயர்த்தித் தொப்பென்று இறக்குங்கள். தரை துள்ளினாலோ பூஞ்சை வாடை வந்தாலோ, உங்களுக்காக வீட்டைச் சோதிக்கும் சர்வேயரிடம் அந்த இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது வெடிப்பு. இப்பகுதியில் பல இடங்களில் அடியில் இருப்பது லண்டன் களிமண். கோடையில் சுருங்கும், மாரியில் ஊதும். பக்கத்தில் ஓக், வில்லோ, பாப்லர் மரம் இருந்தால் நீரை உறிஞ்சிச் சுருக்கத்தை அதிகமாக்கும். பூச்சில் மயிரிழையாக ஓடுவது கவலையில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, மேலே போகப்போக அகலமாகி, உள்ளேயும் அதே இடத்தில் தெரிகிற வெடிப்புதான் ஆபத்து. ஒரு பவுண்டு நாணயத்தின் தடிமன் 2.8 மில்லிமீட்டர், அது உள்ளே நுழைந்தால் கட்டமைப்பு இன்ஜினியர் பார்க்காமல் விலை பேசாதீர்கள். மரத்தை வெட்டினால் சரியாகிவிடும் என்பதையும் நம்பாதீர்கள். உறிஞ்ச ஆளில்லாமல் களிமண் ஊதி, அஸ்திவாரத்தை மேலே தள்ளும். முன்பு அஸ்திவாரம் பலப்படுத்திய வீடென்றால் அதற்கான சான்றிதழைக் கேளுங்கள். இப்போதைய காப்புறுதி நிறுவனம் உங்களுக்கும் தொடருமா என்றும் விசாரியுங்கள்.

பரணுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே இடம் வேண்டும் என்று புகைக்கூண்டின் அடிப்பகுதியை இடித்திருப்பார்கள். மேலே செங்கல் குவியல் அப்படியே நிற்கும். அதைத் தாங்க இரும்பு உத்தரமோ தாங்கிகளோ இருக்கிறதா, கவுன்சிலின் கட்டட ஒழுங்கு முடிவுச் சான்று இருக்கிறதா? பின்பக்க நீட்டிப்புக்கும் அதே கேள்வி. சான்று இல்லையென்றால் இன்டெம்னிட்டி காப்புறுதி எடுத்துத் தருகிறோம் என்பார்கள். அது கவுன்சில் நடவடிக்கைக்குத்தான் காப்பு. மோசமாகக் கட்டிய சுவரை நிமிர்த்தாது. ஆனாலும் சொலிசிட்டரைக் கேட்காமல் கவுன்சிலுக்கு போன் செய்யாதீர்கள், செய்தால் அந்தக் காப்புறுதியும் கிடைக்காது.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்ப்பது வங்கிக்காக. உங்களுக்கென்று தனியாக சர்வே எடுங்கள். நிறைய மாற்றிக் கட்டிய வீட்டுக்கு லெவல் 3 என்னும் மிக விரிவான சர்வே.

பொதுச் சந்து வழியாக இரு வீட்டுக் கார்களும் பின்னால் போகும் அமைப்பு இத்தெருக்களில் நிறைய. பத்திரத்தில் வழியுரிமை எப்படி எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அங்கே கார் நிறுத்த முடியாது. இன்றைய அகலமான கார் நுழைவதே சிரமம். விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவத்தில் அக்கம்பக்கத் தகராறு பற்றிய பகுதியைக் கவனமாகப் பாருங்கள். தெருவுக்கும் மூன்று தடவை போய்வாருங்கள்: பள்ளி விடும் நேரம், சனி இரவு, வேலைநாள் காலை. நார்த்தோல்ட் விமானதளம் பக்கத்தில்தான், காதைத் தீட்டி நில்லுங்கள்.

விலை ஒத்துக்கொண்டது வாய்ப்பேச்சு மட்டுமே. இங்கிலாந்தில் எக்ஸ்சேஞ்ச் ஆகும் வரை, அதாவது கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறும் வரை, இரு தரப்பும் விலகலாம். அதற்கு மூன்று நான்கு மாதம் ஆவது சாதாரணம். எக்ஸ்சேஞ்ச் அன்று வழக்கமாக விலையில் 10 சதவீதம் கட்டுவீர்கள். அந்த நிமிடத்திலிருந்து வீட்டுக்கு நேரும் சேதம் பொதுவாக உங்கள் பொறுப்பு. கட்டடக் காப்புறுதி அன்றே தொடங்க வேண்டும், சாவி கிடைக்கும் நாளில் அல்ல. மீதிப் பணம் கட்டி வீடு கைமாறும் கம்ப்ளீஷன் முடிந்து 14 நாளுக்குள் ஸ்டாம்ப் டியூட்டி போக வேண்டும்.

குடிபோனபின் பொதுச்சுவரில் கை வைக்கும் வேலையென்றால் 1996 பார்ட்டி வால் சட்டப்படி இரண்டு மாதம் முன்பே அடுத்த வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். கொடுக்குமுன் ஒரு மாலை கதவைத் தட்டி நேரில் சொல்லுங்கள். முன்னறிவிப்பில்லாமல் தபாலில் வரும் கடிதம்தான் பகையை வளர்க்கும். முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் போட்டு, மழைநீர் தோட்டத்துக்குள்ளேயே இறங்க வழி விடாவிட்டால் திட்ட அனுமதி வேண்டும். கார் ஏற நடைபாதைக் கல்லைத் தாழ்த்தக் கவுன்சில் அனுமதி தனி.

சாவி வாங்கிய அன்றே மீட்டர்களைப் படம் எடுத்து, தண்ணீரை அடைக்கும் ஸ்டாப்காக் எங்கே என்று தேடித் திருகிப் பாருங்கள். பல ஆண்டு தொடாமல் இறுகிப்போயிருக்கும். குழாய் உடையும் இரவுக்கு முன்பே பிளம்பரைக் கூப்பிட்டு மாற்றிவிடலாம்.