யூடெவ் மாறியது, கெர்னல் மாறவில்லை

கொக்குவில் வீட்டில் இருக்கும் பழைய மடிக்கணினியில் ஓடுவது நானே தொகுத்த லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு. போன கிழமை, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற மென்பொருளைப் புதுப்பித்து மீளத் தொடக்கினேன், பாதியில் நின்றுவிட்டது.

புதிய யூடெவ், வன்பொருள்களைக் குறிக்கும் சாதனக் கோப்புகளைத் தானே உருவாக்காது. அது கெர்னலில் உள்ள டெவ்டெம்ப்எஃப்எஸ் (devtmpfs) என்ற கோப்பு முறைமையின் வேலை. தேவையில்லை என்று அதை முன்பு வெட்டி எறிந்தவனும் நான்தான்!

பென்டிரைவில் இருந்த லைவ் லினக்ஸால் கணினியைத் தொடக்கி, சீரூட் செய்து (என் பழைய லினக்ஸுக்குள் நுழைந்து), கெர்னல் தெரிவுகளின் பட்டியலான மெனுகான்ஃபிக்கைத் திறந்தேன். டிவைஸ் டிரைவர்ஸ், அதற்குள் ஜெனரிக் டிரைவர் ஆப்ஷன்ஸ். அங்கே டெவ்டெம்ப்எஃப்எஸ்ஸையும் அதைத் தானாக மவுண்ட் செய்யும் (இணைக்கும்) தெரிவையும் இயக்கி, சாதன மாற்றங்களின்போது கெர்னல் அழைக்கும் நிரலான யூஈவென்ட் ஹெல்பரின் பாதையை வெறுமையாக்கினேன். பழைய கெர்னலை அழிக்கவில்லை, பூட் பட்டியலில் கிடக்கட்டும்.

தொகுத்து முடிய முன்னர் கரண்ட் போய்விடுமோ என்றுதான் பயம். சரி, போகவில்லை. இரண்டாவது தேத்தண்ணி முடிய, லொகின் திரை வந்தது.