சோல் கிளப் ரசிகர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது எப்படி?

வட இங்கிலாந்தில் 1960, 70களில் விடிய விடிய சோல் இசைக்கு (அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த இசை) ஆடியவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். எந்தப் பாட்டுக்கு யார் எப்படிச் சுழன்று ஆடினார்கள் என்பதுவரை சொல்வார்கள். எந்த ஆண்டு என்று கேட்டால் மட்டும் தடுமாறுவார்கள். அதனால் ஆண்டை அவர்களிடம் கேட்கவே வேண்டாம். அவர்கள் சொல்லும் சில்லறை விவரங்களிலிருந்து ஆண்டைப் பிடிப்பது பேட்டி எடுப்பவரின் வேலை.

சந்திக்கப் போகும் முன்பு ஒரு பக்கத்தில் கிளப்புகளின் காலவரிசையை எழுதிக்கொள்ளுங்கள். மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் 1963இல் பிரேசனோஸ் தெருவில் தொடங்கி, 1965இல் விட்வொர்த் தெருவுக்கு மாறி, 1971 ஜனவரியில் மூடப்பட்டது. ஸ்டோக் நகரத்து டன்ஸ்டலில் இருந்த கோல்டன் டார்ச்சின் ஆல்நைட்டர்கள், அதாவது விடியும்வரை நீளும் ஆட்ட இரவுகள், நடந்தது 1972-73இல். விகன் நகரத்து நடன கிளப்பான விகன் கசினோவின் காலம் 1973 செப்டம்பர் முதல் 1981 டிசம்பர் வரை. பிளாக்பூல் மெக்கா என்ற நடன அரங்கின் ஹைலேண்ட் ரூம் இந்த ஆல்நைட்டர் கிளப்புகளில் சேராது: அது பின்னிரவு இரண்டு மணியோடு முடிந்துவிடும். “மெக்காவிலிருந்து வெளியே வந்தபோது விடிந்திருந்தது” என்று ஒருவர் சொன்னால் பொய் என்று நினைக்காதீர்கள். மெக்கா முடிந்ததும் காரில் நேராக விகனுக்குப் போனவர்கள் நிறைய பேர். இரண்டு கிளப்புகள் ஒரே இரவாக ஒட்டிக்கொண்டிருக்கும். “அங்கிருந்து வீட்டுக்கா போனீர்கள்?” என்று கேட்டாலே முடிச்சு அவிழும்.

ஒலிப்பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். மோனோவில் ஒரு மணி நேரம் சுமார் 520 எம்பி ஆகும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். இவர்கள் பேசும்போது மேசையில் தாளம் தட்டுவார்கள். கருவியை மேசைமேல் வைத்தால் ஒவ்வொரு தட்டும் இடியாகப் பதிவாகும். மடித்த துண்டை அடியில் வையுங்கள். பின்னணியில் பாட்டு ஓடவே கூடாது. குரலைப் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. காப்பகத்தில் சேர்க்கும்போது பதிப்புரிமைச் சிக்கலும் வரும். பாட்டைப் போட்டால் முழுக்க நிறுத்திவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

கேட்கும் வரிசை முக்கியம். முதலில் அவராகச் சொல்வது, அடுத்து உறுப்பினர் அட்டை, சட்டையில் தைத்த பேட்ஜ் போன்ற பொருள்கள், கடைசியில்தான் பாட்டு. பாட்டில் தொடங்கினால் அவர் பின்னாளில் ஆவணப்படங்களிலும் ரீயூனியன் இரவுகளிலும் கேட்ட கதை முந்திக்கொள்ளும். விகன் கசினோ ஒவ்வொரு ஆல்நைட்டரையும் டோபி லெஜண்ட், ஜிம்மி ராட்கிளிஃப், டீன் பாரிஷ் ஆகிய மூவரின் பாடல்களோடு முடித்தது என்பது அங்கே போகாதவருக்கும் தெரியும். அதைச் சொல்வதால் ஒருவர் போயிருந்தார் என்று ஆகிவிடாது. கோட்டை எங்கே கொடுத்தீர்கள், வரிசையில் எந்தப் பக்கம் நின்றீர்கள், கால் வழுக்கி ஆடத் தரையில் பவுடர் தூவியது யார், மிஸ்டர் எம்ஸ் என்ற இன்னொரு அறைக்கு எந்த வழியாகப் போனீர்கள் என்று கேளுங்கள். கிளப்பில் மது கிடையாது. “பார்ல பியர் வாங்கினேன்” என்று வந்தால் வேறு ஏதோ இடம் கலந்திருக்கிறது.

இனி ஆண்டைப் பிடிக்கும் வழிகள். நுழைவுக் கட்டணத்தை ஷில்லிங்கில் சொன்னால் பெரும்பாலும் 1971 பிப்ரவரி 15க்கு முந்தைய நினைவு. அன்றுதான் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது. ஆனால் பழக்கத்தால் பிறகும் சிலர் ‘பத்து ஷில்லிங்’ என்றே சொன்னார்கள் என்பதால் இதை மட்டும் நம்பாதீர்கள். வெளியே வந்தபோது வெளிச்சம் எப்படி இருந்தது என்பது நல்ல சாட்சி. கசினோ காலை எட்டு மணிக்கு முடியும். அந்தப் பகுதியில் டிசம்பரில் சூரியன் உதிப்பது எட்டு மணிக்கு மேல், ஜூனில் ஐந்து மணிக்கு முன். வெயில் கண்ணைக் கூசியது என்றால் குளிர்காலம் இல்லை. 1968 அக்டோபரிலிருந்து 1971 அக்டோபர் வரை பிரிட்டன் குளிர்காலத்திலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னதாகவே வைத்திருந்தது. அந்த டிசம்பர்களில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் விடிந்தது, ஆல்நைட்டர் முடித்து ட்விஸ்டட் வீலிலிருந்து வந்தவர்கள் கும்மிருட்டில்தான் வந்திருப்பார்கள்.

பழைய நோட்டீஸ்களில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. கிழமையும் தேதியும் இருக்கும். ‘சனிக்கிழமை, டிசம்பர் 9’ என்று டார்ச் ஆல்நைட்டர் நோட்டீஸ் கிடைத்தால், 1960, 70களில் அந்தத் தேதி சனியாக விழுந்த ஆண்டுகள் 1961, 1967, 1972, 1978. ஆல்நைட்டர் நடந்த காலத்தோடு பொருந்துவது 1972 மட்டுமே. இன்னொரு பொறி: கசினோவின் முதல் ஆல்நைட்டர் 1973 செப்டம்பர் 23, ஞாயிறு அதிகாலை. போனவர் “சனிக்கிழமை ராத்திரி” என்றுதான் சொல்வார். இரண்டும் சரிதான், ஒரு தேதியைத் திருத்திவிடாதீர்கள்.

பாடகர் பெயரில் வேண்டுமென்றே செய்த குழப்பமும் உண்டு. அரிய ரெக்கார்டை மற்ற டிஜேக்கள் கண்டுபிடித்துவிடாமல் இருக்க, லேபிளை மறைத்துப் பொய்ப்பெயரில் அறிவிப்பார்கள். ஃபிராங்க் வில்சன் 1965இல் பதிவுசெய்த, ஒரு சில பிரதிகளே எஞ்சிய மோட்டவுன் (அமெரிக்க ரெக்கார்டு நிறுவனம்) பாட்டு விகனில் எட்டி ஃபாஸ்டர் பெயரில்தான் ஓடியது. “எட்டி ஃபாஸ்டருக்கு ஆடினேன்” என்று ஒருவர் சொன்னால் அது பிழையல்ல, அவர் அங்கே இருந்ததற்கு நல்ல அடையாளம். இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

நேரில் பார்த்த பாடகர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அமெரிக்காவிலிருந்து வந்த பாடகருக்குப் பின்னால் வாசித்தது பெரும்பாலும் உள்ளூர் பிரிட்டிஷ் குழு. மேஜர் லான்ஸ் என்ற அமெரிக்கப் பாடகருக்கு 1960களில் வாசித்த புளூசாலஜி குழுவில் பின்னாளைய எல்டன் ஜான் இருந்தார். ஆகவே “பாடினது யார்” என்பதோடு “பின்னால் எத்தனை பேர், ஹார்ன் (டிரம்பெட், சாக்ஸபோன் போன்ற ஊதுவாத்தியம்) இருந்ததா, இல்லை டேப்பா” என்றும் கேளுங்கள். பெயரே போலியாக இருந்ததும் உண்டு: வெலோர்ஸ் என்ற அமெரிக்கக் குழு பிரிட்டனில் ‘ஃபேபுலஸ் டெம்ப்டேஷன்ஸ்’ என்ற பெயரில் மேடையேற்றப்பட்டது, பிறகு ஃபென்டாஸ்டிக்ஸ் ஆனது. புகழ்பெற்ற அமெரிக்கக் குழுவான டெம்ப்டேஷன்ஸை ஒரு சின்ன கிளப்பில் பார்த்தேன் என்பவர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றப்பட்டவர். அமெரிக்க சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங்கை 1968இல் பார்த்ததாகச் சொன்னால் ஆண்டு தவறு. அவர் இறந்தது 1967 டிசம்பர் 10. ஸ்டாக்ஸ் ரெக்கார்டு நிறுவனத்தின் குழுவோடு 1967 வசந்தத்தில் வந்த பயணமாக இருக்கலாம்.

ஆல்நைட்டர் என்றாலே ஆம்ஃபெட்டமின் மாத்திரைப் பேச்சு வரும். அவர் தன்னைப் பற்றிச் சொல்வது அவர் விருப்பம். உயிரோடிருக்கும் நண்பரின் பெயர் வந்தால் பதிவை நிறுத்தி, அது வேண்டுமா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைப் பேட்டி முடிந்த பிறகும் ஒருமுறை படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கே தெரியும்.

அட்டை, நோட்டீஸ்களை 600 டிபிஐயில் இருபுறமும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தில் முத்திரையோ கிறுக்கிய தேதியோ இருக்கும். ஆல்பத்தில் ஒட்டியிருப்பதைப் பிய்க்காமல் அப்படியே படம் எடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அவர் சொன்ன ஆண்டு தவறானாலும் மூலத்தில் அப்படியே விட்டு, உங்கள் கணக்கையும் காரணத்தையும் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். நண்பர்கள் இருவர் என்றால் தனித்தனியாகப் பேட்டி எடுத்த பிறகே ஒன்றாக உட்கார வையுங்கள். முதலிலேயே சேர்த்தால் உரக்கப் பேசுபவரின் நினைவுதான் பதிவாகும்.