ஒடிந்த தூண்: பனோரமா ஒட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வளவு வீடு. கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து ஆட்கள் கலைந்த பிற்பகலில், முற்றத்தைச் சுற்றி எட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன், ஒன்றாக ஒட்டி ஒரே அகலப் படமாக, அதாவது பனோரமாவாக ஆக்க. ஹியூகின் என்ற படம் ஒட்டும் மென்பொருளில் போட்டுப் பார்த்தால் எதிர்ச் சுவர் அச்சாக வந்திருக்கிறது, ஓட்டு வரிசை பிசகவில்லை. ஆனால் எனக்குப் பக்கத்தில் இருந்த தேக்குத் தூண் இடுப்பில் ஒடிந்து, மேல்பாதி தள்ளி நின்றது. அதன் காலடியில் ஆத்தங்குடிக் கல்லின் பூ ஒன்று பாதியில் முடிந்து, பக்கத்துப் பூவின் நடுவிலிருந்து மறுபடி தொடங்கியது.

இரண்டு ராத்திரி மென்பொருளோடு மல்லுக்கு நின்றேன். இரண்டு படத்திலும் ஒரே இடம் என்று காட்டும் புள்ளிகளைத் தூணில் கூடுதலாக வைத்தால் தூண் சேர்ந்தது, பின்னால் இருந்த ஜன்னல் உடைந்தது. ஜன்னலைச் சரிசெய்தால் தூண் மறுபடி ஒடிந்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்த எட்டுப் படமும் எட்டு இடத்தில் இருந்து எடுத்தவை. எந்த மென்பொருளைக் கொண்டு வந்தாலும் அவை ஒன்றோடொன்று பொருந்தப் போவதில்லை.

நின்ற இடத்தில் சுற்றினாலும் கேமரா நகர்கிறது

ஒரு விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் பின்சுவரின் மேல் அங்கும் இங்கும் குதிக்கும். இதைத்தான் பாரலாக்ஸ் என்கிறோம். பனோரமாவைக் கெடுப்பதில் இதற்கு நிகர் எதுவும் இல்லை.

நாம் காலை ஊன்றி உடம்பைத் திருப்பும்போது சுழல்வது முதுகுத்தண்டுதான். கேமரா அதிலிருந்து 25 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி திரும்பினால் லென்ஸ் சுமார் 13 செ.மீ. இடம் மாறிவிடும். கையை நீட்டி போனில் எடுத்தால் இன்னும் அதிகம்.

இது படத்தில் எவ்வளவு தெரியும்? 24 மெகாபிக்ஸல் ஃபுல்ஃப்ரேம் கேமரா, 50 எம்எம் லென்ஸ். தூண் ஒன்றரை மீட்டரில், பின்சுவர் 10 மீட்டரில். கேமரா பக்கவாட்டில் 10 செ.மீ. நகர்ந்தால், சுவரோடு ஒப்பிடும்போது தூண் 450 பிக்ஸலுக்கு மேல் தள்ளிப் போகும். தூண் ஒடியாமல் என்ன செய்யும்?

இதே 10 செ.மீ.யை செஞ்சிக்கோட்டையில் ராஜகிரி உச்சியில் நின்று நகர்த்துங்கள். 500 மீட்டரில் ஒரு பாறையும் 2 கிலோமீட்டரில் ஒரு குன்றும் இருந்தால், வித்தியாசம் ஒரு பிக்ஸல் சொச்சம். கண்ணுக்கே தெரியாது. மலை உச்சியில் எடுத்த பனோரமா அழகாக வந்ததே, வீட்டுக்குள் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. செஞ்சியிலும் பக்கத்து மதில் சுவர் ஓரமாக உள்ளே வந்தால் கதை மாறிவிடும். அங்கே மதிலைப் படத்துக்கு வெளியே வைப்பதுதான் சுலபமான வழி.

வீட்டுக்குள் அந்த வழி கிடையாது. கேமரா சுழல வேண்டிய அச்சு லென்ஸுக்குள் இருக்கிறது. முன்பக்கமாகப் பார்த்தால் உள்ளே துளை மாதிரி தெரிகிறதே, அது இருப்பதாகத் தோன்றும் இடம்தான் அச்சு. கேமராவுக்கு அடியில் ட்ரைபாட் திருகு போகும் இடத்தைச் சுழற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். திருகு பெரும்பாலும் அதற்கு வெகு பின்னால்தான் இருக்கும். கண்டுபிடிக்கும் முறை எளிது. பக்கத்தில் ஒரு கம்பியை நட்டு, தூரத்து ஜன்னல் விளிம்போடு நேராகத் தெரியும்படி வையுங்கள். கேமராவை இடதும் வலதும் திருப்புங்கள். கம்பி விளிம்பை விட்டு விலகினால் கேமராவைச் சுழல் அச்சிலிருந்து கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். விலகாத இடம் வந்ததும், ட்ரைபாட்டின் மேல் கேமரா முன்னும் பின்னும் நகரும் பட்டையில் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லென்ஸுக்கு ஒருமுறை செய்தால் போதும். ஜூம் லென்ஸ் என்றால் ஜூம் மாறும்போது இந்த இடமும் மாறும்.

ட்ரைபாட் இல்லையா? தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில், கோட்டைகளில் முன் அனுமதி வாங்காமல் அதைப் பயன்படுத்த முடியாது. அப்போது கைகொடுக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு இருக்கிறது. லென்ஸின் முன்பகுதியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, தரையில் ஒரு காசை வைத்து, குண்டு காசுக்கு நேர் மேலேயே நிற்கும்படி கேமராவைச் சுற்றி நாம்தான் நகர வேண்டும். பார்ப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும், பரவாயில்லை. ஒன்றிரண்டு செ.மீ. பிசகோடு எடுத்துவிடலாம். அந்த அளவை மென்பொருள் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும்.

சுவருக்கு விதி வேறு

மேலே சொன்னதெல்லாம் சுற்றிலும் உள்ளதை எடுக்க. ஒரே தளமாக இருக்கும் நீண்ட சுவரை, ஓவியத்தை, கல்வெட்டை எடுக்க ஒரே இடத்தில் நின்று சுழன்றால் இரண்டு ஓரமும் சாய்ந்து, எழுத்து தேய்ந்து போகும். அங்கே நாம் சுவருக்கு இணையாக நடந்துபோய், ஒவ்வொரு படத்தையும் சுவருக்கு நேராக நின்று எடுக்க வேண்டும்.

கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே இதைச் செய்தவர் லினேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை அடுத்தடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். தளம் தட்டையாக இருக்கும்வரை கேமரா நகர்வது கெடுதல் இல்லை. ஹியூகினிலும் கேமரா இடம் மாறியதைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் வசதி உண்டு. ஆனால் சுவரிலிருந்து ஒரு மாடம் முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் அங்கே மறுபடி உடையும்.

தானியங்கி எதையும் நம்பாதீர்கள்

மாலை வெயிலில் மேற்கிலிருந்து கிழக்குவரை ஆட்டோவில் எடுத்தால், கேமரா ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக வெளிச்சம் அளக்கும். சூரியன் பக்கம் இருட்டாக, எதிர்ப்பக்கம் வெளுப்பாக, வானம் பட்டை பட்டையாகச் சேலை மடிப்பு மாதிரி வரும். ஹியூகின் இந்த வித்தியாசத்தை ஓரளவு சமன்செய்து கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளையாக எரிந்துபோன மேகத்தை அதனால் திருப்பித் தர முடியாது. ஆகவே முதலில் பிரகாசமான பக்கத்தைப் பார்த்து, அது எரியாத அளவுக்கு ஷட்டர் வேகத்தை முடிவுசெய்து, மேனுவலில் வைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவிடுங்கள். ஃபோகஸ் மாறினாலும் படத்தின் அளவு கொஞ்சம் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

போனில் இன்னொரு தொல்லை. பக்கத்துப் பொருளைக் கண்டதும் சில போன்கள் தானாக அகல லென்ஸுக்குத் தாவிவிடும். ஏழு படம் ஒரு லென்ஸில், ஒன்று மட்டும் வேறு லென்ஸில். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடில் எடுத்தால் இந்தப் பிரச்சினை குறையும்.

போலரைசர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். அது சூரியனுக்குச் செங்கோணமான திசையில்தான் வானத்தை அதிகம் கருக்கும். அகலமான பனோரமாவில் நடுவானத்தில் ஒரு கருநீலத் திட்டு விழும். பிறகு அதை எடுக்கவே முடியாது.

எத்தனை படம்?

குறைவான படத்தில் முடித்துவிடலாம் என்று படுக்கைவாக்கில் எடுப்பது ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது. ஒட்டிய பிறகு மேலும் கீழும் வளைந்து வரும் ஓரத்தை வெட்டினால் கோபுரக் கலசமும் போய்விடும். கேமராவை நிமிர்த்திப் பிடியுங்கள். 50 எம்எம் லென்ஸ் அப்போது அகலத்தில் 27 டிகிரி பார்க்கும். 30 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும் என்றால் 19 டிகிரிக்கு ஒரு படம்; 180 டிகிரிக்கு ஒன்பது பத்துப் படம். டிகிரி எல்லாம் அளக்க வேண்டாம். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, வலதுபக்கக் கோட்டில் இருந்த பொருள் அடுத்த படத்தில் இடது விளிம்புக்கு வரும்வரை திரும்பினால் சரி. பாதிக்கு மேல் விழும்படி எடுத்தால் பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது. படம் கூடக்கூட, நடுவில் யாராவது நடந்து போகும் வாய்ப்பும் கூடும்.

ஒரு சின்ன பழக்கம்: வரிசை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் உள்ளங்கையை ஒரு படம் எடுத்துவிடுவேன். ஆறு மாதம் கழித்து நானூறு படத்துக்கு நடுவில் எது எந்த வரிசை என்று தேடும்போது அந்தக் கைதான் காப்பாற்றும்.

கணினியில் உட்கார்ந்த பிறகு

ஒட்டும் முன் தனித்தனிப் படத்தை கிராப் செய்யாதீர்கள். லென்ஸ் எவ்வளவு அகலம் பார்த்தது என்பதை மென்பொருள் படத்தோடு சேர்ந்திருக்கும் எக்ஸிஃப் தகவலிலிருந்துதான் கணக்குப் போடுகிறது. ஓரத்தை வெட்டினால் கணக்கு தப்பும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்கிய படத்தில் அந்தத் தகவலும் இருக்காது, துல்லியமும் போயிருக்கும். நிறம் திருத்துவதென்றால் ஒரு படத்தில் செய்த அதே திருத்தத்தை எல்லாவற்றுக்கும் அப்படியே போடுங்கள்.

அடுத்தது இணைப்புப் புள்ளிகள். 1998இல் ஹெல்முட் டெர்ஷ் பனோரமா டூல்ஸ் எழுதிய காலத்தில், இந்தப் படத்தின் மூலை அந்தப் படத்தின் இந்த மூலை என்று கையால் குறிக்க வேண்டியிருந்தது. இன்றைய ஹியூகின் அந்தக் கருவிகளின் மேல் கட்டியதுதான். 2003இல் மேத்யூ பிரவுனும் டேவிட் லோவும் படங்களைத் தானாகவே அடையாளம் கண்டு சேர்க்கும் முறையைக் காட்டினார்கள். இப்போது ஒரு பொத்தானில் வேலை முடிகிறது. அதனால் புள்ளிகள் எங்கே விழுந்தன என்று யாரும் பார்ப்பதில்லை. மென்பொருளுக்கு மேகமும் சுவரும் ஒன்றுதான். ஆடும் தென்னங்கீற்று, அலை, நடக்கும் ஆள், நகரும் மேகம் எதிலும் புள்ளி வைக்கும். பட்டியலைத் திறந்து, பிழை அதிகம் உள்ள புள்ளிகளை முதலில் பாருங்கள். அசையும் பொருளில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும். படம் சாய்ந்தோ அலைபோல நெளிந்தோ வந்தால், ஒரே படத்தில் ஒரு தூணின் மேலும் கீழும் இரண்டு புள்ளி வைத்து அது செங்குத்து என்று சொல்லிவிடலாம்.

எந்த வடிவில் விரிப்பது என்பதையும் மென்பொருளின் விருப்பத்துக்கு விடக் கூடாது. சாதாரண லென்ஸ் பார்க்கும் நேர்கோட்டு முறையில் 120 டிகிரியைத் தாண்டினால் ஓரத்துத் தூண் யானைக்கால் போல வீங்கும். உருளை முறையில் தூண்கள் நேராக நிற்கும், ஆனால் முற்றத்தின் விளிம்பு வில்லாக வளையும். இயற்கைக் காட்சிக்கு உருளை போதும், வளைய வேண்டிய கோடே அங்கு இல்லை. கட்டடத்தின் உட்புறத்துக்கு பனீனி முறையை முயன்று பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியின் மாளிகைகளை வரைந்த பனீனி என்ற ஓவியரின் பெயர் அது. செங்குத்துக் கோடுகளும், நடுவை நோக்கி ஓடும் கோடுகளும் அதில் நேராகவே இருக்கும்.

கடைசியில் சேமிக்கும்போது டிஃப் வடிவில் வையுங்கள். ஜேபெக்கில் ஒரு பக்கத்துக்கு 65,535 பிக்ஸல்தான் உச்சவரம்பு. பல வரிசை எடுத்து ஒட்டுபவர்கள் ஒருநாள் இதில் முட்டிக்கொள்வார்கள்.

ஆட்கள் நடமாடும் இடத்தில் பாதி மனிதர்கள் வருவது சகஜம். கால் இல்லாத உடம்பு, உடம்பு இல்லாத நிழல். எடுக்கும்போதே அந்தத் திசையில் இரண்டு மூன்று படம் கூடுதலாக எடுத்துவையுங்கள். ஹியூகினின் மாஸ்க் பகுதியில் வேண்டாத ஆளைச் சுற்றி ஒரு கட்டம் போட்டால் அந்த இடத்தை அடுத்த படத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அடுத்த படத்தில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வளவு வீட்டுக்குப் போன தை மாதம் மறுபடி போனேன், தூக்குக்குண்டோடு. நூலைத் தொங்கவிட்டு, காசைப் பார்த்துக் குனிந்தபடி கேமராவைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். உள்ளே இருந்து வந்த ஆச்சி தூணில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வீட்டை அளக்குறீகளா?" என்றார். ஒன்பது படத்தில் இரண்டில் ஆச்சி இருக்கிறார். முற்றத்தைக் கடந்து போகிற ஆச்சியை மாஸ்க் போட்டு எடுத்துவிட்டேன். தூணில் சாய்ந்திருப்பவரை அப்படியே விட்டுவிட்டேன்.